இணையவழி வகுப்பும் மாணவர் மனநிறைவும்: யாரைக் கேட்டோம், எதைக் கேட்டோம்?

2021 நவம்பரில் மதுரை முதலிய ஊர்களில் கல்லூரி மாணவர்கள் தெருவுக்கு வந்து போராடினார்கள். செமஸ்டர் தேர்வை ஆன்லைனில்தான் நடத்த வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அதற்கு முந்தைய ஒன்றரை ஆண்டாக ஆன்லைன் வகுப்பு புரியவில்லை, சிக்னல் எடுக்கவில்லை, கண் எரிகிறது என்று சொல்லிவந்தவர்களும் இதே மாணவர்கள்தான். வகுப்பு மட்டும் கசக்கிறது, தேர்வு மட்டும் இனிக்கிறதா என்று பலர் எரிச்சலோடு கேட்டார்கள். எனக்கு அதில் முரண்பாடு தெரியவில்லை. போனில் பாதி கேட்டும் பாதி கேளாமலும் போன பாடத்துக்கு, கூடத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுது என்று சொல்வது நியாயமா என்பதே அவர்கள் எழுப்பிய கேள்வி. எளிதாகத் தேறிவிடலாம் என்று எண்ணியவர்களும் கூட்டத்தில் இருந்திருப்பார்கள். அதனால் அந்தக் கேள்வி பொய்யாகிவிடாது.

இந்தக் கட்டுரையின் கவலையும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. 2020 முதல் இணையவழிக் கல்வி பற்றி மாணவர்களிடம் திருப்தியா என்று கேட்ட ஆய்வுகள் உலகமெங்கும் குவிந்துவிட்டன. கல்வியியல், மேலாண்மைத் துறை இதழ்களைப் புரட்டினால் ஐந்து புள்ளி அளவுகோலும் சதவீத அட்டவணையும் இல்லாத இதழே இல்லை. 'பெரும்பாலோர் திருப்தி' என்று ஒன்று முடிக்கும். 'பெரும்பாலோர் அதிருப்தி' என்று அடுத்தது முடிக்கும். ஆன்லைன் கல்வியில் உங்களுக்குத் திருப்தியா என்ற ஒற்றைக் கேள்விக்குள் நான்கு தனிக் கேள்விகள் சிக்கிக்கிடப்பதே இந்தக் குழப்பத்துக்குக் காரணம். வகுப்புக்குள் நுழைய முடிந்ததா? நடத்தியது மனத்தில் ஏறியதா? ஆசிரியரும் தோழர்களும் கூட இருக்கும் உணர்வு கிடைத்ததா? தேர்வும் மதிப்பெண்ணும் நேர்மையாக நடந்தனவா? நான்குக்கும் ஒரே மாணவர் நான்கு வேறு பதில்களைச் சொல்லக்கூடும். அவற்றைக் கூட்டிச் சராசரி எடுத்தால் வருகிற எண் எவருடைய அனுபவத்தையும் குறிப்பதில்லை.

நுழைவாயில்

2020 ஏப்ரலில் உலகில் 150 கோடிக்கு மேற்பட்ட மாணவர்கள் கல்விக்கூடம் மூடப்பட்டு வீட்டில் இருந்தார்கள் என்று யுனெஸ்கோ கணக்கிட்டது. தமிழ்நாட்டில் மார்ச் நடுவிலேயே கல்லூரிகள் மூடப்பட்டன. இறுதியாண்டு மாணவர்களுக்கு டிசம்பரில் கதவு திறந்தது. மற்றவர்களுக்கு 2021 பிப்ரவரியில். இரண்டாம் அலையில் மறுபடி மூடி, செப்டம்பர் 1-இல்தான் முறையாகத் திறந்தார்கள். மூன்றாண்டுப் பட்டப்படிப்பில் 2020-இல் சேர்ந்த ஒரு மாணவி முதல் ஆண்டின் பெரும்பகுதியைக் கல்லூரியைப் பார்க்காமலேயே கழித்தாள். பேராசிரியரின் முகத்தைவிட அவருடைய ப்ரொஃபைல் படம்தான் அவளுக்குப் பழக்கம்.

தமிழ்நாட்டின் நிலை மற்ற மாநிலங்களைப் போன்றதல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 2019-20-க்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி இங்கே உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் 51.4 சதவீதம்; நாட்டின் சராசரி 27.1. நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் எண் இது. பெருமைப்பட வேண்டியதும்தான். ஆனால் இந்த எண் உயர்வதற்குக் காரணமானவர்கள் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். அரசுக் கலைக் கல்லூரிகளிலும் சிற்றூரைச் சுற்றியுள்ள தனியார் கல்லூரிகளிலும் படிக்கிற பிள்ளைகள். கல்லூரிக் கட்டடம்தான் அவர்களுக்கு நூலகமும் ஆய்வகமும் அமைதியான மேசையும். கட்டடத்தை மூடியபோது அவர்கள் இழந்தது வசதிபடைத்த வீட்டுப் பிள்ளைகள் இழந்ததைவிடப் பல மடங்கு.

2017-18-இல் நடந்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 75-ஆம் சுற்று, இந்தியாவில் கிராமப்புறக் குடும்பங்களில் 4.4 சதவீதத்திலும் நகர்ப்புறக் குடும்பங்களில் 23.4 சதவீதத்திலும்தான் கணினி இருப்பதாகக் கண்டது. இணைய வசதி கிராமத்தில் 14.9, நகரத்தில் 42 சதவீதம். தமிழ்நாட்டில் 2011 முதல் வழங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினி இந்த இடைவெளியை ஓரளவு தணித்தது. அந்தத் திட்டத்தைக் குறை சொன்னவர்கள் 2020-இல் அதன் அருமையை உணர்ந்திருக்க வேண்டும். ஆயினும் கருவி இருப்பது ஒன்று, டேட்டா இருப்பது வேறொன்று. நாளுக்கு ஒன்றரை ஜிபி பேக் போட்டவர் நான்கைந்து மணி நேரம் வீடியோ வகுப்பில் உட்கார்ந்தால் மாலைக்குள் அது தீர்ந்துவிடும். அதே போனில் தம்பிக்கும் வகுப்பு, அப்பாவுக்கு வேலை அழைப்பு. 2021 ஜனவரியில் தமிழக அரசு ஏறக்குறைய 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு ஏப்ரல் வரை நாளுக்கு 2 ஜிபி டேட்டா தரும் அட்டைகளை அறிவித்தது. நல்ல முடிவு. கல்லூரிகள் மூடிப் பத்து மாதம் கழித்து வந்தது என்பதே குறை.

இந்த இடத்தில் இலங்கையைக் கவனிக்க வேண்டும். அங்கே பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் என்ற கல்வி வலையமைப்பு ஏற்கெனவே இருந்தது. அதன் வழியாக நடக்கும் ஜூம் விரிவுரைக்கும் பல்கலைக்கழகப் பாடத்தளத்துக்கும் டேட்டாக் கட்டணம் இல்லை என்று தொலைபேசி நிறுவனங்கள் 2020 தொடக்கத்திலேயே ஏற்றுக்கொண்டன. பணத்தை மாணவர் கையில் கொடுத்து டேட்டா வாங்கச் சொல்வதைவிட, கல்வித் தளத்தையே கட்டணமின்றித் திறந்துவிடுவது எளிது என்பதை அந்தச் சிறிய நாடு காட்டியது. கட்டணம் இல்லை என்றதும் எல்லாம் சரியாகிவிடவில்லை; மலையகத்திலும் வன்னியிலும் அலைவரிசை தேடி மேட்டுக்குப் போக வேண்டிய நிலை இருந்தது. 2022-இல் பொருளாதாரம் சரிந்து நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்தபோதும், எரிபொருள் இல்லாமல் பல்கலைக்கழகங்கள் மீண்டும் இணையத்துக்குத் திரும்பியபோதும், விரிவுரை இலவசம் என்பதால் மட்டும் கைபேசிக்கு மின்னூட்டம் கிடைத்துவிடவில்லை.

படிவத்தை நிரப்பியவர் யார்

இந்தக் காலத்தில் வந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஒரே வழியைப் பின்பற்றின. ஆராய்ச்சியாளர் கூகுள் படிவம் ஒன்றைத் தயாரிக்கிறார். வாட்ஸ்அப் குரூப்பில் இணைப்பைப் போடுகிறார். 'தயவுசெய்து நிரப்புங்கள், இரண்டு நிமிடம் போதும்' என்று வேண்டுகிறார். வந்த பதில்களை மென்பொருளில் ஏற்றினால் ஆய்வு தயார்.

இணையம் கிடைத்ததா என்று இணையத்தின் வழியே கேட்டால் 'கிடைக்கவில்லை' என்று சொல்ல வேண்டியவர் பதில் சொல்லவே முடியாது. வகுப்பிலிருந்து முதலில் நழுவியவர்கள் இந்தக் கணக்கில் வருவதில்லை. ஜவுளிக்கடையிலோ கட்டட வேலையிலோ சேர்ந்துகொண்டு, போனைச் சட்டைப் பையில் வைத்து அட்டெண்டன்ஸுக்காக மட்டும் வகுப்பில் நுழைந்தவர் அந்தப் படிவத்தைத் திறந்திருக்க மாட்டார். ஆகவே இத்தகைய ஆய்வுகள் சொல்லும் மனநிறைவு, தங்கியவர்களின் மனநிறைவு மட்டுமே. அந்த எல்லைக்குள் அது உண்மை. மாணவர் சமூகத்தின் குரலாக அதை முன்வைப்பது தவறு. இந்தக் குறையை ஆய்வாளர்கள் அறியாதவர்கள் அல்ல. கடைசிப் பக்கத்தில் 'ஆய்வின் வரம்புகள்' என்ற தலைப்பில் எழுதியும் விடுகிறார்கள். ஆனால் கொள்கை வகுப்பவர் அந்தப் பக்கம் வரை போவதில்லை.

கேட்பவர் யார் என்பதும் பதிலை மாற்றும். பல படிவங்களில் பதிவு எண்ணைக் கேட்டார்கள். இன்டர்னல் மார்க் போடுகிறவர் கையில் போகும் தாளில் 'ஆசிரியர் நடத்துவது புரியவில்லை' என்று எழுத எத்தனை பேருக்குத் துணிவு வரும்? தேசியத் தரமதிப்பீட்டுக் குழுவான நாக், 2017-இல் தன் மதிப்பீட்டு முறையைப் புதுப்பித்தபோது மாணவர் மனநிறைவுக் கணக்கெடுப்பை அதில் சேர்த்தது. மாணவர் குரலுக்கு இடம் கொடுத்தது வரவேற்கத்தக்கதே. கூடவே ஒரு பக்கவிளைவும் வந்தது: மனநிறைவு என்பது கல்லூரியின் தரப்புள்ளியோடு சேர்ந்துவிட்டது. நம் கல்லூரியின் பெயரைக் காப்பாற்றுங்கள் என்று வகுப்பில் சொல்லிவிட்டுக் கேட்கிற கேள்விக்கு உண்மையான பதில் வருவது கடினம்.

இன்னொரு சிக்கலைப் பற்றிப் பேசுவோர் குறைவு. நுகர்வோர் ஆய்வில் ரிச்சர்ட் ஆலிவர் 1980-இல் முன்வைத்த கருத்து ஒன்று உண்டு: கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள தூரமே மனநிறைவைத் தீர்மானிக்கிறது என்பது அதன் சாரம். எதிர்பார்ப்புக் குறைந்தவர் கொஞ்சம் கிடைத்தாலே நிறைந்துவிடுவார். கல்லூரி என்றால் என்ன என்றே வீட்டில் எவருக்கும் தெரியாத பிள்ளை, சார் தினமும் பிடிஎஃப் அனுப்பியதையே பெரிய உதவியாக எண்ணி 'திருப்தி' என்று குறிக்கலாம். நல்ல ஆசிரியரையும் ஆய்வகத்தையும் பார்த்துப் பழகிய நகரத்துப் பிள்ளை அதைவிட மேலான வகுப்புக்கு 'அதிருப்தி' என்று குறிக்கலாம். இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துக் கிராமத்துக் கல்லூரியில் ஆன்லைன் கல்வி வெற்றி என்று முடிவு கட்டினால் அது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநீதி.

62 நாடுகளில் 30,383 மாணவர்களிடம் அலெக்சாண்டர் அரிஸ்டோவ்னிக் குழுவினர் 2020-இல் நடத்திய கணக்கெடுப்பு இவ்வகையில் மிகப் பெரியவற்றில் ஒன்று. ஆசிரியர்கள் காட்டிய ஆதரவில் மாணவர்கள் ஓரளவு நிறைவே தெரிவித்தார்கள். அதே மாணவர்கள் சலிப்பையும் பதற்றத்தையும் எதிர்கால வேலை பற்றிய அச்சத்தையும் சொன்னார்கள். பாடச்சுமை கூடிவிட்டது என்றும் பலர் சொன்னார்கள். ஒரே மனிதருக்குள் இவ்வளவும் இருக்க முடியும் என்பதற்கு அந்த ஆய்வு சான்று.

தொற்றுக்கு முன்பே தெரிந்தவை

இணையவழிக் கல்வியில் மாணவரை நிறைவடையச் செய்வது எது என்ற கேள்வி 2020-இல் பிறந்ததல்ல. தொலைநிலைக் கல்வி அறிஞர் மைக்கேல் மூர் 1989-இல் மூன்று உறவுகளைப் பிரித்துக் காட்டினார்: மாணவருக்கும் பாடத்துக்கும் உள்ள உறவு, மாணவருக்கும் ஆசிரியருக்கும் உள்ளது, மாணவர்களுக்குள் உள்ளது. 2000-இல் கேரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் மூவரும் சிந்தனை, கூட்டுணர்வு, கற்பித்தல் என்ற மூன்றும் திரைக்கு அந்தப் பக்கம் உயிரோடு இருப்பதை மாணவர் உணர வேண்டும் என்றார்கள். 2014-இல் குவோ, வாக்கர் முதலியோர் அமெரிக்க மாணவர்களிடம் அளந்து பார்த்ததில், மனநிறைவை மிக அதிகமாகத் தீர்மானித்தது பாடத்தோடு உள்ள உறவு. அடுத்து ஆசிரியரோடு உள்ளது. தோழர்களோடு உள்ள உறவு பெரிய பங்கு வகிக்கவில்லை.

கடைசி முடிவை அப்படியே இங்கே எடுத்துவரக் கூடாது. அந்த அமெரிக்க மாணவர்கள் ஆன்லைன் பாடத்தைத் தாமே தேர்ந்தெடுத்தவர்கள். பதினெட்டு வயதில் முதன்முறையாகத் தன் ஊரையும் தெருவையும் சாதியையும் தாண்டி நட்புத் தேடி வருகிற நம் மாணவருக்குத் தோழமை என்பது கல்வியின் பாதி. கேன்டீனிலும் பேருந்து நிறுத்தத்திலும் ஹாஸ்டல் மொட்டை மாடியிலும் கிடைக்கிற கல்வியை எந்தத் தளமும் அப்போது தரவில்லை. ஆனால் முதல் முடிவு இங்கும் பொருந்தும். பாடம் எப்படி அமைக்கப்பட்டது என்பதுதான் அடிப்படை. கல்லூரி நேரஅட்டவணையை அப்படியே கூகுள் மீட்டில் ஏற்றி, காலை ஒன்பது முதல் மதியம் வரை அடுத்தடுத்து உரை நிகழ்த்தியதில் பாட அமைப்பு என்று எதுவும் இல்லை. எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் 69 லட்சம் காணொலி அமர்வுகளைப் பிலிப் குவோ என்ற வேறோர் ஆய்வாளரின் குழுவினர் 2014-இல் ஆராய்ந்தபோது, ஆறு நிமிடத்துக்குள் அடங்கும் காணொலிகளே மாணவர் கவனத்தை அதிகம் பிடித்தன என்று கண்டார்கள். நாம் ஐம்பது நிமிட உரையை ஐந்து முறை அடுக்கினோம்.

2020 மார்ச் கடைசி வாரத்திலேயே சார்ல்ஸ் ஹாட்ஜஸ் முதலியோர் ஓர் எச்சரிக்கையை எழுதினார்கள்: நெருக்கடியில் அவசரமாகச் செய்யும் தொலைவழிக் கற்பித்தலையும், மாதக்கணக்கில் திட்டமிட்டு உருவாக்கும் இணையவழிக் கல்வியையும் ஒன்றாக எண்ண வேண்டாம். முதலாவதை வைத்து இரண்டாவதை மதிப்பிடக் கூடாது என்பது அவர்கள் வாதம். முழு உண்மை. ஆனால் தலைகீழாகவும் அது உண்மை என்று சேர்க்க விரும்புகிறேன். 2020-இல் 'திருப்தி' என்று வந்த பதில்களை வைத்து நிரந்தரமாக ஆன்லைனுக்கு மாறலாம் என்று வாதிடுவதும் அதே பிழைதான். ஊரே மூடிக்கிடந்தபோது ஏதோ ஒன்று நடந்ததே என்ற ஆறுதல், ஊர் திறந்தபின் மனநிறைவாக நீடிக்காது.

கருவியும் இணைப்பும் குறையில்லாத இடத்தில் என்ன நடந்தது என்றும் பார்க்கலாம். பிரிட்டனில் இறுதியாண்டு மாணவர்களிடம் ஆண்டுதோறும் நடக்கும் தேசிய மாணவர் கணக்கெடுப்பில் ஒட்டுமொத்த மனநிறைவு 2020-இல் 83 சதவீதம், 2021-இல் 75. அந்தக் கணக்கெடுப்பின் வரலாற்றில் அது பெரிய சரிவு. மடிக்கணினியும் வைஃபையும் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு இந்த எட்டுப் புள்ளிகள் பதில்.

பிடித்தது வேறு, படித்தது வேறு

மனநிறைவும் கற்றலும் ஒன்றாகவே போகும் என்று எடுத்துக்கொள்வதில் பெரிய ஆபத்து இருக்கிறது. ஹார்வர்டில் அறிமுக இயற்பியல் மாணவர்களை வைத்து லூயி டெலோரியே குழுவினர் 2019-இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரே பாடத்தை ஒரு பிரிவுக்கு மெருகான உரையாக நடத்தினார்கள். மற்றப் பிரிவில் மாணவர்களே கணக்குகளோடு மல்லாட வேண்டும். உரை கேட்டவர்கள் நிறையக் கற்றதாக உணர்ந்தார்கள். தேர்வில் அதிகம் எடுத்தவர்கள் மல்லாடியவர்கள். சிரமப்படுவதைப் புரியாமை என்று மாணவர் மனம் தவறாகப் படித்துக்கொள்கிறது. 2017-இல் பாப் உட்டல் குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும், ஆசிரியருக்கு மாணவர் போடும் மதிப்பெண்ணுக்கும் மாணவர் கற்ற அளவுக்கும் தொடர்பு ஏறக்குறைய இல்லை என்றே வந்தது.

ஆகவே 'எளிதாக இருந்தது', 'வசதியாக இருந்தது' என்ற பதில்களைக் கற்றலுக்குச் சான்றாகக் கொள்ள முடியாது. கற்றலைத் தனியே அளந்த ஆய்வுகள் சொல்வது என்ன? அமெரிக்கக் கல்வித் துறைக்காக பார்பரா மீன்ஸ் குழுவினர் 2010-இல் தொகுத்தளித்த அறிக்கை, நேரடியும் இணையமும் கலந்த முறைக்குச் சிறிய மேன்மை கண்டது. அந்த மேன்மைக்கு ஊடகத்தைவிடக் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் காரணமாகலாம் என்றும் எச்சரித்தது. வாஷிங்டன் மாநில சமுதாயக் கல்லூரிகளின் பதிவுகளை டி ஷூ, ஷானா ஜாகர்ஸ் இருவரும் ஆராய்ந்தபோது, ஆன்லைனில் எல்லோருமே சற்றுப் பின்தங்கினார்கள். ஆண் மாணவர்களும் இளையவர்களும் கறுப்பின மாணவர்களும் முன்பே மதிப்பெண் குறைந்தவர்களும் இன்னும் அதிகம் பின்தங்கினார்கள். 2020-இல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில் மாணவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பொருளியல் நடத்திப் பார்த்தார்கள். எல்லோரும் ஒரே விடுதி, ஒரே கருவி, ஒரே ஒழுங்கு. அங்கேயும் திரையில் படித்தவர்களின் மதிப்பெண் குறைந்தது. முன்பே பின்தங்கியிருந்தவர்களுக்கு இழப்பு மிகுதி.

இந்த ஆய்வுகளைச் சேர்த்துப் படிக்கும்போது ஒரு செய்தி திரும்பத் திரும்ப வருகிறது. தானே படித்துக்கொள்ளத் தெரிந்தவருக்கு இணையம் பெரிய கேடு செய்யவில்லை. கைபிடித்து நடத்த வேண்டியவரை அது நடுவழியில் விட்டது. உயர்கல்வியின் கதவைப் பின்தங்கியவர்களுக்குத் திறந்ததற்காகப் பாராட்டப்படும் மாநிலம் இதை எந்த நாட்டையும்விடக் கூர்ந்து படிக்க வேண்டும்.

வீடு என்னும் வகுப்பறை

கேமராவைப் போடுங்கள் என்று கெஞ்சிய ஆசிரியர்களும் போடாத மாணவர்களும் எல்லாக் கல்லூரியிலும் இருந்தார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் காஸ்டெல்லி, சர்வரி இருவரும் காரணம் கேட்டபோது முதலில் வந்தது தோற்றம் பற்றிய கூச்சம். பின்னால் நடமாடும் ஆட்களும் வீட்டின் பின்னணியும் தெரிந்துவிடுமே என்ற தயக்கமும் இருந்தது. அமெரிக்க மாணவருக்கே இது என்றால் ஒற்றை அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டுப் பிள்ளையை எண்ணிப் பாருங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் கொடியில் தொங்கும் துணியும் வகுப்பு முழுவதற்கும் காட்சியாகும். கல்லூரிக்கு வரும்போது ஒரு நல்ல சட்டையில் மறைத்துக்கொள்ள முடிந்த வறுமையை மறைக்க, கேமராவில் அவருக்கு இருந்த ஒரே வழி அதை அணைத்து வைப்பது. அதை ஒழுங்கீனம் என்று பதிவேட்டில் எழுதியவர்கள் இருக்கிறார்கள்.

பெண் பிள்ளைகளுக்கு வீடு இன்னொரு வேலையிடம். மகள் கல்லூரிக்குப் போனால் அவள் மாணவி. வீட்டில் இருந்தால் அடுப்பும் பாத்திரமும் அவளைத் தேடி வரும். காதில் இயர்போனும் கையில் கரண்டியுமாக வகுப்பைக் கேட்ட மாணவிகள் எத்தனை பேர் என்று எந்தப் படிவமும் கேட்கவில்லை. போன் ஒன்றுதான் என்றால் அது அண்ணனுக்கா தங்கைக்கா என்ற கேள்விக்கு நம் வீடுகள் என்ன விடை சொல்லும் என்பதும் தெரிந்ததே.

ஆனால் ஒருதலைப்பட்சமாக இதைச் சொல்லி முடிக்க முடியாது. தினமும் இரண்டு பேருந்து மாறி மூன்று மணி நேரம் பயணத்தில் கழித்த மாணவிக்கு அந்த நேரம் மிச்சமானது. வகுப்பில் எழுந்து ஆங்கிலத்தில் கேள்வி கேட்கக் கூசியவர் சாட்டில் தட்டச்சு செய்து கேட்டார். பதிவான பாடத்தை நிறுத்தி நிறுத்தி, திரும்பத் திரும்பப் பார்க்க முடிந்தது. தமிழ்வழிப் பள்ளியிலிருந்து வந்தவருக்கு இது சிறிய விஷயம் அல்ல. நடமாடுவதில் சிரமம் உள்ள மாணவருக்கு மாடிப்படி இல்லாத வகுப்பு கிடைத்தது. இந்திய வேளாண் மாணவர்கள் 307 பேரிடம் முத்துபிரசாத் குழுவினர் நடத்திய ஆய்வில் சுமார் 70 சதவீதம் பேர் ஆன்லைன் வகுப்புக்குத் தயார் என்றார்கள். பதிவு செய்த வகுப்பு, முடிவில் ஒரு சிறு வினாத்தேர்வு என்ற அமைப்பையே அவர்கள் விரும்பினார்கள். செய்முறைப் பாடங்களுக்கு மட்டும் இது உதவாது என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. டைட்ரேஷனையும் தையலிடுவதையும் கடைசல் இயந்திரத்தையும் காணொலியில் பார்த்து ரெக்கார்டு நோட்டில் எழுதியவருக்குக் கை பழகவில்லை. இதில் வாதத்துக்கே இடமில்லை.

தேர்ந்தெடுத்தவரும் தள்ளப்பட்டவரும்

இணையவழிக் கல்வி திட்டமிட்டு நடந்தால் எப்படி இருக்கும் என்பதற்குச் சென்னையிலேயே சான்று இருக்கிறது. ஐஐடி மெட்ராஸ் ஒருங்கிணைக்கும் என்பிடெல் 2003 முதல் பொறியியல் பாடங்களைக் காணொலியாக்கிவருகிறது. 2020 ஜூனில் அதே நிறுவனம் நிரலாக்கம், தரவு அறிவியலில் இணையவழிப் பட்டப்படிப்பைத் தொடங்கியது. சில வாரப் பாடங்களைப் படித்துத் தகுதித் தேர்வில் தேறிச் சேர்வதே அதன் வழக்கமான வழி. வாரந்தோறும் பயிற்சிகள், ஐயம் தீர்க்கும் நேரலை அமர்வுகள், தேர்வு மட்டும் மையத்துக்கு நேரில் வந்து எழுத வேண்டும். வேறு கல்லூரியில் படித்துக்கொண்டோ வேலையில் இருந்துகொண்டோ பல்லாயிரம் பேர் அதைப் படிக்கிறார்கள். இந்த மாணவர் தாமே அந்த வழியைத் தேர்ந்தெடுத்தவர். பாடம் அவருக்காகவே அமைக்கப்பட்டது. தேர்வின் நேர்மை பற்றி அவருக்கு ஐயம் இல்லை.

இதோடு 2021 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகம் நடத்திய செமஸ்டர் தேர்வை ஒப்பிடுங்கள். வீட்டிலிருந்தே எழுதும் மாணவரைக் கேமரா வழியாகச் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் கண்காணித்தது. முடிவுகள் வந்தபோது ஏராளமானோர் தேறவில்லை; பலருடைய முடிவுகள் நிறுத்திவைக்கப்பட்டன. எழுந்த எதிர்ப்பில் மறுதேர்வு நடத்த வேண்டியதாயிற்று. அறையில் யாரோ பேசியதும் இணைப்பு அறுந்ததும் முறைகேடாகப் பதிவாயின என்று மாணவர்கள் குமுறினார்கள். அதற்கு முன்பு 2020-இல் அரியர் தேர்வுகளுக்குப் பணம் கட்டியவர்களைத் தேர்ச்சி என்று அரசு அறிவித்து, அது நீதிமன்றம் வரை போயிற்று. ஓராண்டுக்குள் ஒருபுறம் எழுதாமலே தேர்ச்சி, மறுபுறம் எழுதியும் தோல்வி. மதிப்பெண் மீது நம்பிக்கை போனபின் வேறு எதில் மனம் நிறையும்? 2021 நவம்பரில் தெருவுக்கு வந்தவர்கள் இந்த இரண்டையும் பார்த்துவிட்டு வந்தவர்கள். என் கணிப்பில், தமிழ்நாட்டு மாணவரின் அதிருப்திக்கு சிக்னலைவிடத் தேர்வு பெரிய காரணம். ஆய்வுகளில் மிகக் குறைவாகக் கேட்கப்பட்டதும் அதுதான்.

இப்போது ஏன் இந்தப் பேச்சு

தொற்று போய்விட்டது, பழைய கதை எதற்கு என்று கேட்கலாம். கதை முடியவில்லை. 2021-இல் பல்கலைக்கழக மானியக் குழு, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் என்ற இணையப் பாடத் தளத்தின் வழியே படித்து மதிப்பெண் பெறலாம் என்று அனுமதித்தது. அதற்கு முன் 20 சதவீதம்தான். கலப்பு முறைக்கான வரைவையும் அதே ஆண்டு வெளியிட்டது. நல்ல ஆசிரியர் இல்லாத சிற்றூர்க் கல்லூரிக்கு இதனால் நன்மை உண்டு. அங்கே இல்லாத பாடத்தைத் தேர்ந்த பேராசிரியரிடம் படிக்கலாம். ஆனால் காலிப் பணியிடத்தை நிரப்பாமலே காலம் தள்ளவும் இதே விதி வசதி செய்து கொடுக்கும். ஆசிரியர் எங்கே என்று கேட்டால் ஸ்வயத்தில் இருக்கிறார் என்று பதில் வரும் நாள் வந்துவிடக் கூடாது.

இத்தகைய கொள்கை முடிவுகளை எடுக்கும்போது மேசையில் வைக்கப்படுவது மனநிறைவுப் புள்ளிவிவரம்தான். ஆகவே அது ஒழுங்காகத் திரட்டப்பட வேண்டும். படிவத்தை வகுப்பில் காகிதத்தில் கொடுங்கள். பதிவு எண் கேட்காதீர்கள். துறைக்கு வெளியே உள்ளவர் தொகுக்கட்டும். நுழைவு, பாடம், துணை, தேர்வு ஆகியவற்றைத் தனித்தனியே கேட்டுத் தனித்தனியே வெளியிடுங்கள். மனநிறைவோடு மதிப்பெண்ணையும் அடுத்த பருவத்தில் மாணவர் படிப்பைத் தொடர்ந்தாரா என்பதையும் சேர்த்துப் பாருங்கள். முக்கியமாக, 2020-க்கும் 2022-க்கும் இடையே படிப்பை விட்டவர்களின் பெயர்கள் எல்லாக் கல்லூரி அலுவலகத்துப் பதிவேட்டிலும் இருக்கின்றன. இத்தனை ஆய்வுகளில் அவர்களிடம் போய் ஏன் படிப்பை விட்டீர்கள் என்று கேட்டவை மிகச் சில. பல்கலைக்கழகங்கள் ஆய்வு மாணவர்களை அந்த வீடுகளுக்கு அனுப்ப வேண்டும்; அவர்களில் திரும்பி வர விரும்புவோருக்குக் கட்டணமின்றி இடம் கொடுக்க வேண்டும்.